லண்டன், ஹாலே, பாரிஸ்: பழைய ஆவணங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

முதல் தடவை லண்டன் போனபோது ஒரு வாரத்தை முழுசாகத் தொலைத்தேன். புனித ஜார்ஜ் கோட்டையின் 17-ஆம் நூற்றாண்டு ஆலோசனைப் புத்தகம் (கவுன்சில் கூட்டக் குறிப்பு) ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு, கண் வலிக்க வலிக்க, பென்சிலால் வரிவரியாகப் படி எடுத்துக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது அச்சில் வந்துவிட்டதே" என்றார். உண்மைதான். 1910 தொடங்கி சென்னை அரசு அச்சகம் வரிசையாக அச்சிட்ட கோட்டை ஆவணத் தொகுதிகளில் அதுவும் ஒன்று. இணையத்தில் சும்மா கிடைக்கிறது. ஊருக்கு வந்து பார்த்தால் நான் தினமும் போகிற நூலகத்தில், பூட்டிய பீரோ ஒன்றில், ஒரு பிரதியே இருந்திருக்கிறது.

அந்த வாரத்துக்கு நான் கொடுத்த அறை வாடகையை நினைத்தால் இன்றும் வயிறு எரியும். தமிழ்நாட்டு வரலாறு, நெசவு, கோயில் நிர்வாகம், மிஷன், பழைய தமிழ் அச்சு என்று எதையாவது ஆராய்ந்து, அதற்காக ஐரோப்பிய ஆவணக் காப்பகங்களுக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் அப்படி ஒரு வாரத்தை இழக்காமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். என் ஆராய்ச்சி சோழமண்டலக் கரை நெசவாளர்கள் பற்றியது. அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எது எந்த ஊரில் இருக்கிறது?

நம் கரையில் யார் யார் கடை போட்டார்களோ அவரவர் ஊரில் அவரவர் கணக்குப் புத்தகம் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி குழப்பம் தீரும்.

லண்டனில் பிரிட்டிஷ் நூலகம், செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய 1600 முதல் 1948 வரையிலான இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் அங்கேதான். அலமாரிகளை வரிசையாக நிறுத்தினால் 14 கிலோமீட்டர் வரும் என்பார்கள். எழுத்துக் குறியிட்ட பல வரிசைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பி (P) வரிசை சென்னை, வங்காளம், பம்பாய் அரசுகளின் நடவடிக்கைக் குறிப்புகள். ஜி/19 புனித ஜார்ஜ் கோட்டை. இவற்றைத் தாண்டி எல்லோரிடமும் நான் சொல்வது எஃப்/4 வரிசையை. 1796 முதல் 1858 வரை, ஒரு விவகாரம் பெரிதாகி, கம்பெனியை மேற்பார்த்த லண்டன் கட்டுப்பாட்டு வாரியம் வரை போனால், அது தொடர்பான கடிதம், மனு, விசாரணை எல்லாவற்றையும் படி எடுத்து ஒரே கட்டாகக் கட்டிவிடுவார்கள். இருபது தொகுதிகளில் சிதறிக் கிடக்க வேண்டியது ஒரே இடத்தில் கிடைக்கும். நெசவாளர் கொடுத்த மனுவின் ஆங்கில மொழிபெயர்ப்பு, அதன் கீழே கலெக்டர் எழுதிய எரிச்சலான பதில், அதற்கும் கீழே வாரியத்தின் சால்ஜாப்பு என்று ஒரு கட்டைப் பிரித்தால் நாவல் படிக்கிற மாதிரி இருக்கும்.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் தேசிய ஆவணக் காப்பகம். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். டச்சுக் கம்பெனியின், அதாவது வி.ஓ.சி.யின், ஆவணங்கள் சுமார் 1.2 கிலோமீட்டர் நீளத்துக்கு இங்கே இருக்கின்றன. (வி.ஓ.சி. என்றதும் நமக்கு வ.உ.சி. நினைவுக்கு வருவார். அவர் கப்பல் விட்ட அதே தூத்துக்குடியை 1658-இல் பிடித்ததும் இந்த வி.ஓ.சி.தான். எழுத்துகளுக்கும் ஒரு குறும்பு உண்டு போல.) அதே ஆண்டில் நாகப்பட்டினத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள், 1781-இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். இந்த இடைப்பட்ட காலத்து நாகப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம் பற்றி ஏதாவது வேண்டுமென்றால் ஹேக்தான் இடம்.

ஜெர்மனியில் ஹாலே என்ற ஊர். 1698-இல் தொடங்கிய பிராங்கே அறநிலையத்தின் காப்பகமும் நூலகமும் அங்கே உள்ளன. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் ஊருக்கு எழுதிய கடிதங்கள், அனுப்பிய ஓலைச்சுவடிகள் இங்கே பத்திரமாக இருக்கின்றன. சீகன்பால்க் 1708-இல் தன்னிடம் இருந்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் போட்டாரே, அந்தக் காலத்தில் எந்தெந்த நூல்கள் புழக்கத்தில் இருந்தன என்று அறிய அதுபோல் ஒரு சான்று கிடைப்பது அரிது. தரங்கம்பாடியை 1620 முதல் 1845 வரை வைத்திருந்த டென்மார்க்கின் நிர்வாக ஆவணங்களுக்கு கோபன்ஹேகன் போக வேண்டும்.

பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் ரிஷ்லியு கட்டடம். பல வருடம் பழுதுபார்த்து 2022-இல் முழுமையாகத் திறந்தார்கள். புதுச்சேரியில் அதிகாரியாக இருந்து 1854-இல் இறந்த ஏரியல் என்பவர் சேர்த்த தமிழ்ச் சுவடிகளும், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் 19-ஆம் நூற்றாண்டுப் படிகளும் அங்கே. ஆனால் பிரெஞ்சு ஆட்சியின் நிர்வாகக் காகிதங்கள் வேண்டுமென்றால் பாரிஸில் நின்று பயனில்லை, தெற்கே எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில் இருக்கும் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். இது தெரியாமல் பாரிஸுக்கு மட்டும் டிக்கெட் போட்டவர்கள் உண்டு.

ஒரே பயணத்தில் இத்தனை ஊரையும் பார்த்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். நான்கு வாரம் இருந்தால் ஒரு ஊர், மிஞ்சினால் இரண்டு.

படி 2: எழும்பூரை முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள்

லண்டனில் இருக்கும் சென்னைத் தொடர்களில் பெரும்பகுதி கப்பலில் அனுப்பிய படிகள்தான். கோட்டையில் வைத்துக்கொண்ட தொடர்கள் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வருவாய் வாரிய நடவடிக்கைகளை எழும்பூரில் பார்த்துவிட்டு, அங்கே இல்லாத, செல்லரித்துப் போன, கையில் கொடுக்க மறுக்கிற தொகுதிகளை மட்டும் குறித்துக்கொண்டு லண்டன் போங்கள். டச்சு ஆவணங்களும் ஒரு பகுதி எழும்பூரில் உண்டு.

அடுத்து இணையம். ஹேக் காப்பகம் வி.ஓ.சி. ஆவணங்களில் லட்சக்கணக்கான பக்கங்களைப் படமெடுத்து இலவசமாகப் போட்டிருக்கிறது. பாரிஸ் நூலகத்தின் காலிகா தளத்தில் தமிழ்ச் சுவடிகள் பல கிடைக்கின்றன. பிரிட்டிஷ் நூலகம் 2004-இல் தொடங்கிய அழியும் ஆவணங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டில் படமெடுத்த சேகரங்களும் உள்ளன. சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் இருக்கும் அச்சு நூலைத் தேடி லண்டன் போகாதீர்கள். இதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று ஒரு பட்டியல் போட்டால், பலருக்கு நாற்பது ஐம்பது உருப்படிதான் தேறும். அந்த நாற்பதுக்குத்தான் பயணம்.

படி 3: பெயரும் தேதியும்

கேட்டலாக்கில் 'தமிழ்' என்று தேடி ஒன்றும் வரவில்லை என்று சோர்ந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள் தமிழை 'மலபார்' மொழி என்றார்கள். சீகன்பால்க் எழுதியதிலும் அப்படித்தான். தெலுங்கு 'ஜென்டு'. ஊர்ப்பெயர்களுக்கு ஒரு நோட்டே போட வேண்டும்: பரங்கிப்பேட்டை என்றால் போர்டோ நோவோ, சதுரங்கப்பட்டினம் என்றால் சத்ராஸ், திருச்சிராப்பள்ளி என்றால் டிரிச்சினாபொலி, பழவேற்காடு என்றால் ஆங்கிலத்தில் புலிகாட், டச்சில் பாலியகாட்டா. ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து எழுத்துக்கூட்டல் உண்டு, அத்தனையையும் போட்டுத் தேடுங்கள். ஆள் பெயர்கள் இன்னும் மோசம். ஒரே வணிகரின் பெயர் ஒரே கடிதத்தில் மூன்று விதமாக வரும்.

தேதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றினார்கள். டச்சுக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் அதற்கு முன்பே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டார்கள். 17-ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 10 நாள் வித்தியாசம், 1700-க்குப் பிறகு 11 நாள். ஒரே புயலைச் சென்னை ஆங்கிலேயர் ஒரு தேதியிலும் நாகப்பட்டினம் டச்சுக்காரர் பத்து நாள் தள்ளியும் எழுதியிருந்தால் இரண்டு புயல் என்று நினைத்துவிடக் கூடாது. போதாக்குறைக்கு ஆங்கிலேயருக்கு அப்போது வருடப் பிறப்பு மார்ச் 25. பிப்ரவரி 1701 என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1702. இதற்காகவே சில எழுத்தர்கள் 1701/2 என்று இரண்டையும் போட்டுவிடுவார்கள், அவர்களுக்குப் புண்ணியம்.

இன்னொன்று. சென்னையிலிருந்து போன கடிதத்துக்கு லண்டன் பதில் திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், கப்பல் அப்படி. பதில் எழுதும்போது மூலக் கடிதத்தின் பத்தி எண்ணைச் சொல்லி ஒவ்வொன்றாகப் பதில் சொல்வார்கள். அதனால் 1720-இல் ஒரு விவகாரம் கிடைத்தால் பதிலை 1721, 1722 தொகுதிகளில் பத்தி எண்ணை வைத்துத் தேடுங்கள்.

படி 4: கையெழுத்துப் பயிற்சி

ஆங்கிலம் தெரியும், டச்சு அகராதி கையில் இருக்கிறது, போதும் என்று நினைத்தால் முதல் நாளே அழுகை வரும். ஜெர்மன் மிஷனரிகள் எழுதியது குர்ரெண்ட் என்ற பழைய கையெழுத்து. இன்றைய ஜெர்மானியர்களிலேயே பெரும்பாலோருக்கு அது புரியாது. டேனிஷ் ஆவணங்களிலும் இதே போன்ற கோதிக் கையெழுத்துத்தான். இணையத்தில் இருக்கும் படங்களை வைத்து, தினமும் அரைப் பக்கம் வீதம், மூன்று மாதமாவது ஊரிலேயே உட்கார்ந்து பழகுங்கள். டிரான்ஸ்கிரிபஸ் என்ற மென்பொருள் கையெழுத்தை வாசித்துக் கொடுக்கிறது, டச்சுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் நம் ஊர்ப்பெயர்கள் வரும் இடத்தில்தான் தப்பு விடும், நமக்கு வேண்டியதும் அந்த இடம்தான்.

தமிழ் ஓலைக்குப் பயிற்சி வேண்டாம் என்று யார் சொன்னது? புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு இருக்காது, காலும் ரகரமும் ஒரே வடிவத்தில் நிற்கும். ஒரு சொல்லை நான்கு விதமாகப் படிக்கலாம். பழகியவர் ஒருவரிடம் ஒரு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு போங்கள்.

படி 5: கடிதம், விசா, பணம்

பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே காப்பகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். "தமிழக வரலாறு குறித்து உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் பொத்தாம் பொதுவான பதில்தான் வரும். இந்தக் குறியீட்டு எண் உள்ள இந்தத் தொகுதிகளை இந்த வாரத்தில் பார்க்க வேண்டும், கிடைக்குமா, படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். பழுதுபார்க்கப் போயிருக்கலாம், வேறு ஊர்க் கிடங்கில் இருக்கலாம். பிரிட்டிஷ் நூலகத்தின் இருப்பில் பெரும்பகுதி யார்க்‌ஷயரில் பாஸ்டன் ஸ்பா என்ற இடத்தில் இருக்கிறது, அங்கிருந்து வர நாள் பிடிக்கும். 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலில் கேட்டலாக்கே முடங்கிப்போனது நினைவிருக்கும். அதற்குப் பிறகு நான் வேண்டிய பக்கங்களின் கேட்டலாக் விவரத்தைக் காகிதத்தில் அச்செடுக்காமல் எங்கும் போவதில்லை.

விசாவில் முதல் விஷயம், பிரிட்டனுக்குத் தனி, ஐரோப்பாவுக்கு ஷெங்கன் தனி. லண்டனும் பாரிஸும் ரயிலில் பக்கத்தில் இருந்தாலும் விசா இரண்டு. ஷெங்கனுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். பிரிட்டன் பார்வையாளர் விசாவுக்குப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்.

நமக்கென்றே ஒரு தலைவலி உண்டு: இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நீட்டி முழக்கி நிற்கும், பல்கலைக்கழகக் கடிதத்தில் வெறும் இனிஷியல், வங்கிக் கணக்கில் இனிஷியல் பின்னால். வாசகர் அட்டை கொடுக்கும் மேசையில் இருப்பவருக்கு இவை மூன்றும் மூன்று ஆட்கள். நெறியாளரிடம் வாங்கும் கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை அடிக்கச் சொல்லுங்கள். வாசகர் அட்டைக்குக் கையெழுத்துள்ள ஓர் அடையாளமும் வீட்டு முகவரி உள்ள ஒரு சான்றும் கேட்பார்கள். முகவரிச் சான்று தமிழில் மட்டும் இருந்தால் உதவாது, ஆங்கிலத்தில் வங்கிக் கணக்கு அறிக்கை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு: பிரிட்டன் போகிறவர்களுக்கு சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை, ஜெர்மனிக்கு டாட் (DAAD, ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை) உதவித்தொகை. ஹாலே அறநிலையமே வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை தருகிறது. கடைசித் தேதிகள் வருடா வருடம் மாறும், அவரவர் தளத்தில் பாருங்கள். விண்ணப்பத்தில் படி 2-இல் போட்ட பட்டியலை அப்படியே இணையுங்கள். எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் போலத் தோன்றும், உண்மையும் அதுதானே.

படி 6: முதல் நாள்

முதல் நாள் ஆவணம் கைக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அட்டை வாங்க, லாக்கர் தேட, ஆர்டர் போடும் முறையைப் புரிந்துகொள்ள அந்த நாள் போய்விடும். முன்கூட்டியே இணையத்தில் ஆர்டர் போட முடிந்தால் போட்டுவிடுங்கள்.

பேனா கூடாது, பென்சில்தான். பை, கோட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் லாக்கரில். உள்ளே எடுத்துப்போவதை வெளியில் தெரிகிற பிளாஸ்டிக் பையில் போடச் சொல்வார்கள். வாசிப்பறை குளிரும், ஒரு ஸ்வெட்டர் கையோடு இருக்கட்டும். புத்தகத்தைச் சரிந்த பஞ்சு மெத்தையில் வைத்து, பக்கம் மடங்காமல் இருக்க பாம்பு மாதிரி நீளமான ஈயக் கயிற்றை மேலே போட்டுப் படிக்க வேண்டும். கையுறை வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். காகிதத்துக்குப் பெரும்பாலும் வேண்டாம், சுத்தமான, ஈரமில்லாத கை போதும். சாப்பிட்டுவிட்டு வந்த கையைக் கழுவி நன்றாகத் துடையுங்கள். கட்டுக்குள் தாள்கள் வரிசை மாறியிருப்பது போலத் தோன்றினாலும் நீங்களாகச் சரிசெய்யாதீர்கள், மேசையில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

அந்த மேசைக்காரரோடு பேசிப் பழகுங்கள். கேட்டலாக்கில் ஏறாத கையெழுத்து அட்டவணை எங்கே இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். எனக்குக் கிடைத்த மிக நல்ல மனு ஒன்று, "இதைப் பார்த்தீர்களா?" என்று ஒருவர் போகிற போக்கில் நீட்டிய பழைய அட்டவணையிலிருந்து வந்தது.

படி 7: படம் எடுப்பது

இதில் நான் செய்த தப்பு: ஓர் ஊரில் ஒரே வாரத்தில் ஆயிரத்துச் சொச்சம் படம் எடுத்தேன், எந்தப் படம் எந்தக் கட்டிலிருந்து வந்தது என்று குறிக்கவில்லை. பாதியை இன்றுவரை மேற்கோள் காட்ட முடியவில்லை.

அதனால் ஒவ்வொரு கட்டைப் பிரித்ததும் முதல் படம் ஆர்டர் சீட்டு, இரண்டாவது படம் முதுகு அட்டை, அப்புறம்தான் உள்ளே. தாள் எண் தெரிகிற மாதிரி மூலையையும் சேர்த்து எடுங்கள். பழைய தொகுதிகளில் பக்க எண் இருக்காது, தாளுக்குத்தான் எண். முன்புறம், பின்புறம் என்று பிரித்துக் குறிக்க வேண்டும், 23 முன், 23 பின் என்பது போல. ஃபிளாஷ் எங்கும் கூடாது. படமெடுக்க அனுமதி இடத்துக்கு இடம், தொகுதிக்குத் தொகுதி மாறும், ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள்.

கண்ணில் பட்டதையெல்லாம் எடுக்காதீர்கள். உட்கார்ந்து படித்து, ஒரு வரிக் குறிப்பு எழுதி, வேண்டியதை மட்டும் எடுங்கள். ஊருக்கு வந்து நிதானமாகப் படிக்கலாம் என்பது நடக்காது. வகுப்பு, விடைத்தாள், வீடு என்று வந்துவிடும்.

மாலை அறைக்கு வந்ததும், எவ்வளவு அசதியாக இருந்தாலும், அன்றைய படங்களைக் கட்டு வாரியாகப் பிரித்து, இரண்டு இடத்தில் சேமித்து, நாளைக்கு என்ன ஆர்டர் என்று எழுதிவிட்டுத்தான் சமைக்க உட்காருவேன். (ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, சனிக்கிழமையே அரிசி வாங்கிவிடுங்கள்.)

பட்டியலில் உள்ளதை ஐந்தில் நான்கு பங்கு நாட்களில் முடிக்கிற மாதிரித் திட்டமிட்டு, கடைசி இரண்டு மூன்று நாட்களைக் காலியாக விடுங்கள். நடுவில் ஒரு கடிதம் இன்னொரு தொகுதியைச் சுட்டும், அதைத் துரத்த நேரம் வேண்டும்.

படி 8: திரும்பி வந்த பிறகு

வந்த முதல் வாரத்திலேயே ஒரு அட்டவணை போடுங்கள்: குறியீட்டு எண், தாள் எண், தேதி (எந்த நாட்காட்டி என்பதோடு), யார் யாருக்கு எழுதியது, ஒரு வரியில் விஷயம். தொகையெல்லாம் வராகன், பணம், காசு என்று வரும், அதை ரூபாயாக மாற்றி எழுதாதீர்கள். மூலத்தில் உள்ளபடி எழுதிவிட்டு, மாற்றுக் கணக்கைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், காலத்துக்குக் காலம் அது மாறியிருக்கிறது.

எடுத்த படத்தை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த ஒரு அனுமதி, புத்தகத்தில் அச்சிட வேறு அனுமதி. இரண்டாவதற்குச் சில இடங்களில் கட்டணம் உண்டு, பதில் வரவும் வாரக்கணக்கில் ஆகும். புத்தகம் அச்சுக்குப் போகிற வாரத்தில் கேட்டால் அட்டைப்படம் இல்லாமல்தான் வரும். என் முதல் புத்தகம் அப்படித்தான் வந்தது, வெறும் பச்சை அட்டையோடு.